வரைபலகையிலிருந்து வரப்புக்கு

அத்தியாயம் 5: வடிவமைப்பாளர் ஒருவர் நகரத் தோட்டத் தொழிலுக்கு மாறும் வழி

திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்திலிருந்து கிழக்கே கடலோர மரக்காணம் நோக்கிப் போகிறவருக்கு, மண் மாறுவது கண்ணிலேயே தெரியும். முதலில் ஏரிப் பாசனத்து நெல்வயலும் மல்லாட்டைக் கொல்லையும் வரும். பிறகு தர்பூசணிக் கொடி, சவுக்குத் தோப்பு. அதற்கும் அப்பால் மரமே இல்லாத வெட்டவெளி. வெயில் ஏறினால் கண் கூசும் வெள்ளை. அதுதான் உப்பளம். நெல்லில் தொடங்கும் அந்தப் பயணம் வரப்போரத்து உமரிச் செடியில் வந்து முடிகிறது. நடுவில் யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை. மண்ணில் ஏறிய உப்பும் இறங்கிய நீரும்தான் எது எங்கே வளரலாம் என்று முடிவு செய்திருக்கின்றன.

நகரத் தோட்ட வடிவமைப்புக்கு மாற நினைக்கும் வரைகலைஞரோ, உள்ளலங்காரக்காரரோ, துணி வடிவமைப்பாளரோ முதல் வேலையாக இப்படி ஒரு சாலையில் ஒரு நாள் நடந்து பார்ப்பது நல்லது. கணினியில் செடிப் படங்களை இழுத்து வைத்து வரைபடம் போடும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே கைவந்திருக்கும். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்கும் கண்தான் புதிதாக வர வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கண்ணைப் பற்றியதுதான்.

உப்பளம் தரும் முதல் பாடம்

மரக்காணம் பகுதியில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள் உள்ளன. பொங்கல் கழிந்து பாத்தி கட்டத் தொடங்கினால் மழைக்காலம் வரும்வரை வேலை ஓயாது. உப்பு நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி விடுவார்கள். ஒவ்வொன்றிலும் வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடித்துவிட, மிச்ச நீர் அடர்ந்துகொண்டே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அப்படி அடர்ந்த நீர், செறிவு அளக்கும் போமே மானியில் 25 டிகிரியைத் தொட்டதும் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்கும். தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காக மண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியிருப்பார்கள். நிலமட்டம், காற்றுத் திசை, வெயில், காலம் இந்த நான்கையும் வைத்து நீரையே வடிவமைக்கும் தொழில் இது.

இனி சென்னையில் ஒரு மொட்டை மாடிக்கு வருவோம். ஒரு தொட்டியில் செடி. தினமும் ஆழ்துளைக் கிணற்று நீர் 2 லிட்டர். அந்த நீரின் டி.டி.எஸ். அளவு 1,500 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 1.5 கிராம் கரைந்த உப்பு என்று அதற்குப் பொருள். நாளுக்கு 3 கிராம், மாதத்துக்கு 90 கிராம், ஓராண்டில் 1 கிலோவுக்கும் மேல். செடி நீரைத்தான் குடிக்கிறது. உப்பில் பெரும்பகுதி தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மண்தொட்டியின் விளிம்பில் சில மாதங்களில் ஒரு வெள்ளைப் படலம் படிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். விரலால் சுரண்டினால் பொடியாக உதிரும். மரக்காணத்துப் பாத்தியில் நடக்கும் வேலைதான் இங்கேயும் நடந்திருக்கிறது. தினம் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளித்து அக்கறையோடு வளர்த்தவர், தமக்கே தெரியாமல் ஒரு சின்ன உப்பளம் நடத்தியிருக்கிறார்.

இலை நுனி கருகினால் உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் போடுவார்கள். உரமும் உப்புதான் என்பதால் நிலைமை மோசமாகும். இதற்கு மருந்து எளிது: இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியின் அடித்துளை வழியே நீர் தாராளமாக ஓடி வெளியேறும் அளவுக்கு ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். அதற்கு மழைநீர் கிடைத்தால் மிக நல்லது. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல தோட்ட வரைபடத்தில் செடி வைக்கும் இடத்துக்கு முன்பே வடிகால் வரையப்பட்டிருக்கும்.

மாறி வந்தவர்கள்

வேறு தொழிலிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்கள் பலர். அவர்கள் வந்த வழி கவனிக்கத்தக்கது.

பிரேசிலின் ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ் ஓவியர். இளைஞராக 1928இல் பெர்லினுக்குப் போனார். அங்கே டாலெம் தாவரவியல் பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில், தம் சொந்த நாட்டுச் செடிகளை அவற்றின் முழு அழகோடு பார்த்தார். பிரேசில் தோட்டங்களில் அப்போது ஐரோப்பியச் செடிகளுக்குத்தான் மதிப்பு. ஊர் திரும்பியவர் உள்நாட்டுத் தாவரங்களைத் தேடிக் காடுகளுக்குள் பயணம் போனார், சேகரித்தார், அவற்றையே வண்ணங்களாக வைத்துத் தோட்டம் அமைத்தார். ரியோ நகருக்கு அருகே அவர் வாழ்ந்த பண்ணையில் 3,500க்கும் மேற்பட்ட தாவர வகைகள் சேர்ந்தன. அந்த இடம் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தியாவில் பிரதீப் கிருஷண். ‘மாஸி சாகிப்’ போன்ற படங்களை இயக்கியவர். திரைப்படத்தை விட்டு மரங்களின் பக்கம் வந்தவர், ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து டெல்லியின் மரங்களைப் பற்றி 2006இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டிய சுமார் 70 ஹெக்டேர் பாறைநிலத்தை மீட்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பாறை இடுக்கெல்லாம் சீமைக்கருவேலம். வெட்டினால் மீண்டும் துளிர்த்தது. வேரோடு எடுக்க வழி தெரிந்தவர்கள் காந்த்வாலியர்கள், அதாவது அந்த ஊரில் பரம்பரையாகக் கல் உடைப்பவர்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஒலியைக் கேட்டே எங்கே உடையும் என்று கண்டுகொண்டார்கள். உளியால் பாறையைத் திறந்து வேரை எடுத்தார்கள். அந்தக் குழிகளில் தார் பாலைவனத்துக்கே உரிய செடிகள் நடப்பட்டன. 2011இல் அது ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்தத் தோட்டத்தின் வடிவமைப்பில் பாதி, கல் உடைப்பவரின் காதில் இருந்தது.

டொயோட்டா நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சுபேந்து சர்மாவின் கதை வேறு. பெங்களூருக்கு அருகே உள்ள அந்தத் தொழிற்சாலையில் காடு வளர்க்க ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வந்தபோது, உடன் நின்று வேலை கற்றார். உத்தராகண்டில் தம் வீட்டுக் கொல்லையில் செய்து பார்த்தார். பிறகு 2011இல் காடு வளர்த்துக் கொடுப்பதையே தொழிலாகத் தொடங்கினார்.

மரக்காணத்துப் பகுதியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் புரூக்ஸ், ஆரோவில்லின் செம்மண் மேட்டில் 1973இல் பிச்சாண்டிக்குளம் காட்டை வளர்க்கத் தொடங்கினார். அந்தக் குழுவின் வேலை பின்னாளில் மரக்காணம் வட்டாரத்தின் நடுக்குப்பத்துக்கும் கழுவெளி உவர்நீர் ஏரியின் கரைக்கும் நீண்டது. பள்ளிப் பிள்ளைகளும் ஊர்ப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். இந்தக் கரையில் பழகிய கைகள்தான் சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில், குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைத் திருத்தும் திட்டத்தை வடிவமைத்தன. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் அந்த இடத்தில் எதை எந்த மட்டத்தில் நட வேண்டும் என்பதுதான் அங்கே முதன்மையான கேள்வி. தொல்காப்பியப் பூங்கா என்ற பெயரில் 2011 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. சென்னைக்கு வேலை தேடிப் போகும் வடிவமைப்பாளர், சென்னைக்கான தோட்டப் பாடத்தைக் கழுவெளிக் கரையிலேயே படிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இவர்கள் யாரும் வரைந்துவிட்டுக் கற்கவில்லை. இடத்தைக் கற்ற பிறகே வரைந்தார்கள்.

கையில் இருப்பதும் கற்க வேண்டியதும்

சென்னையில் பத்து ஆண்டு உள்ளலங்காரம் செய்த ஒருவர் இந்தத் தொழிலுக்கு மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வெறுங்கையோடு வரவில்லை. அளவெடுத்து வரையத் தெரியும். வாடிக்கையாளர் வாயால் சொல்வதையும் மனத்தில் நினைப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். மதிப்பீடு போடவும், கொத்தனார், தச்சர், பிளம்பர் மூவரையும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் வேலை வாங்கவும் தெரியும். நர்சரி வைத்திருப்பவர்கள் பலருக்கு இல்லாத பலம் இது.

அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது காலத்தைப் பற்றிய எண்ணத்தை. வரவேற்பறையை முடித்துச் சாவியைக் கொடுக்கும் நாளில்தான் அது மிக அழகாக இருக்கும். தோட்டம் ஒப்படைக்கும் நாளில்தான் மிக மெலிந்திருக்கும். ஆகவே ஒரே இடத்துக்கு மூன்று படம் வரைவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்: நட்ட நாளில் எப்படி, ஓராண்டில் எப்படி, ஐந்தாண்டில் எப்படி. முதல் படத்தை மட்டும் காட்டிப் பணம் வாங்கியவர், ஆறு மாதத்தில் நெருக்கியடித்து வளர்ந்த செடிகளை வெட்ட மறுபடி போக நேரும்.

படிப்பைப் பொறுத்தவரை பல வழிகள் உள்ளன. கட்டடக்கலைப் பட்டம் உள்ளவர் அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நிலவெளிக் கட்டடக்கலையில் முதுகலை படிக்கலாம். மற்றவர்களுக்கு, பெர்மாகல்ச்சர் வடிவமைப்பு என்ற பெயரில் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தோடு நடக்கும் 72 மணி நேரப் பயிற்சி நல்ல தொடக்கம். ஆனால் நர்சரியில் மூன்று மாதம் கூலிக்கு வேலை செய்வதற்கு ஈடாக எந்தச் சான்றிதழும் இல்லை. பையைக் கிழித்து வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்க்கவும், கன்றின் கழுத்து மண்ணுக்குள் புதையாமல் நடவும் கைதான் கற்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பதிவு பெறாதவர் தம் பெயரட்டையில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ‘தோட்ட வடிவமைப்பாளர்’ என்பதே நேர்மையானது, போதுமானது.

மூன்று கணக்குகள்: எடை, நீர், உப்பு

*எடை.* இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, ஆட்கள் நடமாடும் தட்டையான மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத கூரைக்கு அதில் பாதிதான். நனைந்த தோட்ட மண் கன மீட்டருக்கு 1,800 கிலோ வரை இருக்கலாம். 10 செ.மீ. உயரத்துக்கு அதைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 180 கிலோ! அந்த அரையடிகூட இல்லாத மண்ணே வரம்பைத் தாண்டிவிடுகிறது. எனவேதான் மாடித்தோட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவும் மட்கிய உரமும் கலந்த இலகுவான கலவை. எடையை ஊகிக்க வேண்டாம். ஒரு வளர்ப்புப் பையை நிரப்பி, நீர் ஊற்றி, சொட்டுவது நின்றதும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். கனமான தொட்டிகளைத் தூண், உத்தரம், சுவர் இருக்கும் வரிசையில் வைக்க வேண்டும்; கூரையின் நடுவில் கூடாது. கட்டடம் பழையது என்றாலோ, மண் நிரப்பிய பாத்தி வேண்டும் என்றாலோ, கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் ஒரு கூடை மண்ணும் மேலே ஏறக் கூடாது.

*நீர்.* ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் அந்த ஒரு மாடியிலிருந்தே கிடைக்கும். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆனாலும் 2019 கோடையில் சென்னை குடிநீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. இந்த மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுவதும், அதைப் பிடித்து வைக்கும் இடம் போதாமல் இருப்பதும் காரணங்கள். தோட்டக்காரர் பிடித்து வைக்கத் தக்க இன்னொரு நீர் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டுவது, அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீர் இதற்கு நேர்மாறு. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீணாகிறதே என்று அதைத் தொட்டிக்கு ஊற்றுவது நல்லெண்ணத்தால் வரும் கேடு.

இந்தக் கரையில் நீருக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதே 1,000 சதுர அடி மாடியில் அந்த மழை விழுந்தால் 46,000 லிட்டர். வடிகால் துளையை இலைச்சருகு அடைத்து 10 செ.மீ. நீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ கூடுதல் சுமை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலில் ஆரோவில்லின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கடற்கரை மாவட்டத்தில் வேலை செய்கிறவர், காற்றுக்குக் கட்டிவைக்காத எதையும் மாடியில் வைக்கக் கூடாது.

*உப்பு.* நீரின் மின்கடத்தலை வைத்து உப்பை அளக்கும் இ.சி. மானி என்ற பேனா அளவிலான கருவிதான் புதியவர் வாங்க வேண்டிய முதல் கருவி. பாசன நீரில் அது 0.7க்குக் கீழே காட்டினால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை என்றால் செடித் தேர்விலும் வடிகாலிலும் கவனம் தேவை. 3ஐத் தாண்டினால் அந்த நீரை நம்பித் தோட்டம் போடக் கூடாது. இது ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் அளவுகோல். அலகு, மீட்டருக்கு டெசிசீமன்ஸ். மண்ணில் 4ஐத் தாண்டினால் அது உவர்மண். மண்ணையும் நீரையும் முறையாகப் பரிசோதிக்கத் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இந்தப் பகுதியினருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்னை நார்க்கழிவுக் கட்டியிலும் உப்பு இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. புதுக் கட்டியை வாங்கினால் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே கலவையில் சேர்க்க வேண்டும்.

செடிப் பட்டியலைக் கோவில்காட்டில் எழுதுதல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கீழ்ப்புத்துப்பட்டு இருக்கிறது. அங்கே மஞ்சனீஸ்வர அய்யனார் கோவிலைச் சுற்றி நிற்பது, சோழமண்டலக் கரையின் பழைய காட்டில் எஞ்சிய துண்டு. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆண்டில் பாதி நாள் மழையே இல்லாத கரையில் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும் அதிசயக் காடு இது. சாமிக்குப் பயந்து ஊரார் வெட்டாமல் விட்டதால் பிழைத்தது.

வடிவமைப்பாளர் இங்கே போக வேண்டும். ஒரு கிள்ளு இலைகூடப் பறிக்காமல், குறிப்பேடும் பென்சிலும் மட்டும் கொண்டு போக வேண்டும். மேல் அடுக்கில் எது, நடுவில் எது, தரையில் எது என்று குறுக்குவெட்டாக வரைந்தால், தோட்டத்தின் அடுக்குமுறை தானாகவே தாளில் விழும். இலைகள் சிறிதாகவும் தடித்தும் பளபளப்பாகவும் இருப்பதைக் கவனிக்கலாம். நீரைச் சேமிக்கவும் உப்புக் காற்றைத் தாங்கவும் அவை அப்படி இருக்கின்றன. வேலிக்கும் கத்தரிப்பதற்கும் நன்றாக ஒத்துழைக்கும் காசான் செடி, பூக்கும் பருவத்தில் கிளை முழுக்க நீலமாகி நிற்கும். பழைய இலக்கியம் காயாம்பூ என்று சொல்வது இதைத்தான். இதை விட்டுவிட்டுத் தூரத்து நாட்டுக் குரோட்டன்ஸ் வாங்கி நடுகிறோம்.

கடலோர வீட்டுத் தரையில் நட: பூவரசு, புன்னை, புங்கம். வேலிக்கு: காசான், நொச்சி, ஆவாரை, முள் வேண்டுமென்றால் சங்கஞ்செடி. மணல் பிடிக்க: அடம்பங்கொடி. மாடித் தொட்டிக்கு: பிரண்டை, கற்பூரவல்லி, துளசி, பசலை, பொன்னாங்கண்ணி. இவற்றில் பசலையும் பொன்னாங்கண்ணியும் நீர் கேட்கும். நிழலும் ஈரமும் உள்ள பக்கம் அவற்றுக்கு. மற்றவை வெயிலில் நிற்கும்.

தவிர்க்க வேண்டியதும் உண்டு. வேகமாக வளர்ந்து சுவர்போல் நிற்பதால் கொனோகார்பஸ் மரத்தை நகரங்களில் பலர் கேட்டு வாங்கினார்கள். வேர் குழாய்க்குள் புகுவதும், அதன் மகரந்தம் குறித்த புகார்களும் சேர்ந்து, குஜராத் அரசு 2023இல் அதை நடத் தடை விதித்தது. பச்சை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நட்டுவிடக் கூடாது என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

பெயர்களைச் சரிபார்க்க, திருச்சி ராபினட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ எழுதிய தமிழகச் சமவெளித் தாவர நூல்களும், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரகமும் உதவும். ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால், நர்சரிக்கு ஆர்டர் கொடுக்கும்போது தாவரவியல் பெயரையும் எழுதிக் கொடுப்பது தகராறைத் தவிர்க்கும்.

முதல் மூன்று தோட்டங்கள்

முதல் தோட்டம் சொந்த மாடியில். இருபது தொட்டிகள் போதும். தினமும் ஊற்றிய லிட்டர், இ.சி. அளவு, செத்த செடி, செத்த காரணம் நான்கையும் எழுதி வைக்க வேண்டும். பிற்பாடு வாடிக்கையாளர் நம்பும் ஒரே சான்று இந்தக் குறிப்பேடுதான். தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டப் பொருள்களை மானியத்தில் கொடுக்கத் தொடங்கியது. நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்து வரும் அத்தகைய தொகுப்பு முதல் முயற்சிக்கு ஏற்றது.

இரண்டாவது தோட்டம் தெரிந்தவருக்கு. பொருள் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓராண்டு பராமரிப்புக்குக் கூலி வாங்கலாம். கோடை, மழை இரண்டையும் பார்த்த தோட்டம்தான் விளம்பரமாகும்.

மூன்றாவதிலிருந்து முழுக் கட்டணம். அங்கேதான் பெரும்பாலும் இந்தப் பேச்சு வரும்:

“சார், மாடி முழுக்கப் பச்சைப்பசேல்னு புல்தரை வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

“செய்யலாம்மா. கோடையில ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு அஞ்சு லிட்டர் மாதிரி தண்ணி வேணும். உங்க மாடிக்கு ஐந்நூறு லிட்டர் ஆகும். லாரித் தண்ணி வாங்குற மாசத்துல எப்படி?”

மறுப்பு சொல்லாமல் கணக்கைச் சொல்லி, உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒரு சின்னப் புல்திட்டு, மீதிக்கு மூடாக்குப் போட்ட பாத்தியும் நாட்டுச் செடியும் என்று கொண்டுவருவது வடிவமைப்பாளரின் திறமை. தனக்கு வேண்டியதைக் கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அதன் விலையை முன்கூட்டியே சொல்லும் கடமை வடிவமைப்பாளருக்கு உண்டு.

ஒப்பந்தத்தில் தவறாமல் இருக்க வேண்டியவை: வரைபடக் கட்டணம் தனி, அமைப்புச் செலவு தனி, மாதப் பராமரிப்பு தனி. எத்தனை நாளுக்குள் பட்டுப்போன செடியை இலவசமாக மாற்றித் தருவது என்ற வரம்பு. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை யார் சரிபார்த்தார், எந்தத் தேதியில் என்ற பதிவு. அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துக் காயவிடும் பொறுப்பு யாருடையது என்பது. டெங்குக் கொசுவுக்கு அந்தத் தட்டு நீரே போதும்.

வருமானத்தில் பராமரிப்பு ஒப்பந்தம்தான் முதுகெலும்பு. புதுத் தோட்ட வேலை வரும், போகும். பதினைந்து வீடுகளின் மாதப் பராமரிப்பு கையில் இருந்தால் வாடகை நிற்காது. பழைய வேலையை விடுவதற்கு முன், எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குடும்பச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ஒரு முழுக் கோடையும் ஒரு முழு மழையும் கடக்கும் வரை இந்தத் தொழிலில் தம் வேலை நிலைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

வேலையாட்களின் கூலியில் மிச்சம் பிடித்து மலிவான மதிப்பீடு கொடுக்கும் வழக்கத்தை முதல் நாளிலேயே கைவிட வேண்டும். மரக்காணத்து உப்பளத்திலும் வயலிலும் நீர்மட்டம் பார்த்துப் பழகியவர்களின் கண்ணுக்கு, லேசர் கருவி இல்லாமலே சரிவு தெரியும். அந்த அறிவுக்கு விலை உண்டு. அது மதிப்பீட்டில் தனி வரியாக எழுதப்பட வேண்டும்.

முதல் ஆண்டின் நாட்காட்டி

ஜனவரி, பிப்ரவரி: இடம் பார்த்தல். மரக்காணத்தில் பாத்தி கட்டும் வேலையையும், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 5,151 ஹெக்டேர் கழுவெளியையும் பார்க்கலாம். வலசை வந்த பறவைகள் அப்போது இருக்கும். வெயில் ஏறும் முன் கோவில்காட்டில் செடிப் பட்டியல்.

மார்ச் முதல் மே வரை: நர்சரியில் கைவேலை. சொந்த மாடியில் இருபது தொட்டி. எந்தச் செடி எத்தனை நாள் நீரில்லாமல் தாங்கும் என்று இந்த மாதங்கள்தான் காட்டும். புதிய மரக்கன்று நடவே கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை: மண், நீர்ப் பரிசோதனைகள், வரைபடப் பயிற்சி, இரண்டாவது தோட்டத்துக்கான அளவெடுப்பு. உள்ளூர் விதை சேகரித்து நாற்று போடுதல்.

செப்டம்பர்: நடவுக்குத் தயாராதல். கலவை கலத்தல், நார்க்கழிவைக் கழுவுதல், மழைநீர்த் தொட்டியைத் துடைத்தல்.

அக்டோபர் முதல் வாரம்: மாடிக்கு ஏறி, வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் கையை விட்டுத் துழாவிச் சருகை எடுக்க வேண்டும். ஒரு வாளி நீரை ஊற்றி, அது வடிய எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரை விட்டுக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். மரக்காணத்தில் அதே வாரத்தில் கடைசி உப்பை வாரிக் குவித்து, கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடிக்கொண்டிருப்பார்கள். முதல் கனமழை பெய்து ஓய்ந்ததும் ஒவ்வொரு தொட்டியின் அடியிலிருந்தும் வடியும் நீரை ஒரு டம்ளரில் பிடித்து, இ.சி. மானியை அதில் விட்டு, வரும் எண்ணைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மழை நிற்கும்வரை வாரம் ஒருமுறை இதைத் தொடர்ந்தால், கோடையில் தொட்டிக்குள் சேர்ந்த உப்பு எத்தனை மழையில் கழுவிப் போகிறது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.